சிகரெட்டுக்கு ஏறுது, பீடிக்கு இறங்குது: புகையிலை வரி யாரைக் காப்பாத்துது?

(நமது தகவல் தொழில்நுட்ப அணியின் இளைஞர் பயிலரங்கில் அணியின் தன்னார்வலர் ஒருவர் ஆற்றிய உரை. நேரலையைத் தவறவிட்ட நண்பர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் முழுமையாகப் பதிவிடுகிறோம்.)



எனக்குக் கொடுத்த தலைப்பு புகையிலை வரி. "மதிய சாப்பாட்டுக்கு அப்புறம் வரியைப் பத்தியா, தூக்கம் வருமே தம்பி"ன்னு ஒரு அண்ணன் ஏற்கெனவே சொல்லிட்டார். அதனால சுத்தி வளைக்காம நேரா கேள்விக்கு வர்றேன்.

வரியை ஏத்தினா புகைப்பழக்கம் குறையுமா?

நம்ம பக்கத்துல இதைப் பத்தி எப்போ பதிவு போட்டாலும் முதல் கமெண்ட் என்னவா இருக்கும்? "எவ்வளவு ஏத்தினாலும் குடிக்கிறவன் குடிச்சிக்கிட்டேதான் இருப்பான். கல்லா கட்டத்தான் இந்த வரி." இதுக்குப் பத்து லைக்காவது விழும்.

அந்த கமெண்ட் தப்பு. வரி ஏறினா பழக்கம் குறையும், இது பல நாடுகள்ல பல வருஷமா பார்த்த விஷயம். ஆனா ஒரு நிபந்தனை இருக்கு. பக்கத்துலயே மலிவா இன்னொரு புகை இருந்தா, ஆள் பழக்கத்தை விட மாட்டான், பிராண்டைத்தான் மாத்துவான். இன்னைக்கு நம்ம நாட்டுல நடக்கிறது இதுதான். இந்த ஒரு விஷயத்தைத்தான் அடுத்த இருபது நிமிஷம் பேசப் போறேன்.

முதல்ல விலை எப்படி வேலை செய்யுதுன்னு பார்த்துடலாம்.

உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கு ரொம்ப எளிமையானது. சிகரெட் விலை 10% ஏறினா, பணக்கார நாடுகள்ல நுகர்வு சுமார் 4% குறையும். நம்மை மாதிரி வருமானம் குறைஞ்ச நாடுகள்ல சுமார் 5% குறையும். ரொம்ப நாளா பிடிக்கிற பெரியவர் ஒரே நாள்ல விட்டுடுவார்னு இதுக்கு அர்த்தம் இல்லை. அவர் பத்து பிடிக்கிற இடத்துல எட்டு பிடிப்பார். விடணும்னு ஏற்கெனவே நினைச்சிட்டு இருக்கிற ஒருத்தருக்கு அது கடைசித் தள்ளு. முக்கியமா, இன்னும் ஆரம்பிக்காத காலேஜ் பையன் ஆரம்பிக்காமலே போயிடுவான். பாக்கெட் மணியில் வாழற பையனுக்குத்தான் விலை ரொம்ப உறைக்கும்.

சரி, நுகர்வு குறைஞ்சா அரசுக்கு நஷ்டம்தானேன்னு கேட்பாங்க. பேப்பர் பேனா எடுங்க. ஒரு குச்சி 10 ரூபாய், அதுல வரி 5 ரூபாய்னு வச்சுக்குவோம். 100 குச்சி வித்தா வரி 500 ரூபாய். இப்போ வரியை 6 ரூபாய் ஆக்குறோம். விலை 11 ரூபாய், அதாவது 10% ஏத்தம். நுகர்வு 5% குறைஞ்சு 95 குச்சி. 95-ஐ 6-ஆல பெருக்குங்க. 570 ரூபாய். புகை குறைஞ்சது, வருமானம் கூடினது. ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கும்.

அதே மாதிரி இன்னொண்ணும் கவனிக்கணும். விலையை மட்டும் பார்க்கக் கூடாது, சம்பளத்தோட சேர்த்துப் பார்க்கணும். நாள் கூலி 500 ரூபாய் இருந்தப்போ 10 ரூபாய் சிகரெட், கூலியில 50-ல ஒரு பங்கு. கூலி 600 ஆச்சு, சிகரெட் அதே 10 ரூபாய்னா 60-ல ஒரு பங்கு. விலை ஏறலை, ஆனா சிகரெட் மலிவாயிடுச்சு. அதனாலதான் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை பெருசா ஏத்திட்டு மறந்துடுற வரி வேலை செய்யாது. வருஷா வருஷம், விலைவாசியையும் கூலியையும் தாண்டி ஏறணும்.

இது வரைக்கும் பாடப் புத்தகம். இனிமேதான் நம்ம ஊர்க் கதை.

நான் இன்ஜினியரிங் படிச்சவன். எங்களுக்கு முதல் வருஷமே சொல்லிக் கொடுக்கிறது, தண்ணி பள்ளத்தைத் தேடித்தான் ஓடும். நாலு மதகு இருக்கிற ஏரியில ஒரு மதகை மட்டும் இறுக்கி மூடிட்டு தண்ணி நிக்குதான்னு பார்த்தா எப்படி நிக்கும்? மத்த மூணு வழியா போயிடும்.

இந்தியாவுல புகையிலைங்கிற ஏரிக்கு எத்தனை மதகு? மத்திய அரசு நடத்தின வயதுவந்தோர் புகையிலை ஆய்வு, 2016-17. நாட்டுல 15 வயசுக்கு மேல இருக்கிறவங்கள்ல 28.6% பேர் ஏதோ ஒரு வகையில புகையிலை பயன்படுத்துறாங்க. கிட்டத்தட்ட 26.7 கோடிப் பேர். அதுல சிகரெட் பிடிக்கிறவங்க 4.0%. பீடி பிடிக்கிறவங்க 7.7%. வாயில போட்டு மெல்லுற, அடக்கி வைக்கிற புகையிலை 21.4%. ஒரே ஆள் ரெண்டு மூணு வகை பயன்படுத்துறதும் இதுல அடக்கம்.

இப்போ சொல்லுங்க. "புகையிலை வரி"ன்னதும் டிவி விவாதத்துல எதைப் பத்திப் பேசுறாங்க? சிகரெட்டைப் பத்தி. நூத்துல நாலு பேர் பிடிக்கிற பொருளைப் பத்தி.

நம்ம மாநிலத்துக் கணக்கையும் தெரிஞ்சுக்கங்க. முதல் ஆய்வு 2009-10-ல நடந்தது. அப்போதிலிருந்து 2016-17 வரைக்கும் இந்தியா முழுக்க புகையிலைப் பயன்பாடு 34.6%-லிருந்து 28.6%-க்குக் குறைஞ்சுது. அதே காலத்துல தமிழ்நாட்டுல 16.2%-லிருந்து 20.0%-க்கு ஏறுச்சு. நாடு இறங்கும்போது நாம ஏறியிருக்கோம். இது ஏதோ வடக்கு மாநிலத்துப் பிரச்சினைன்னு நினைக்கிற நண்பர்கள் இந்த நம்பரை எழுதி வச்சுக்கங்க.

அடுத்து, வரி. புகையிலைப் பொருள்களோட சில்லறை விலையில குறைஞ்சது 75% வரியா இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஜிஎஸ்டி வந்த பிறகு நம்ம நாட்டு நிலைமை என்ன? சிகரெட் விலையில வரி ஏறத்தாழ 52%. பீடியில வெறும் 22%. அந்த 22 எங்கிருந்து வந்துச்சு? 2017 ஜூலையில ஜிஎஸ்டி வந்தப்போ ரெண்டுக்குமே 28%தான். ஆனா சிகரெட்டுக்கு அதுக்கு மேல இழப்பீட்டு செஸ் போட்டாங்க. பீடிக்கு செஸ்ஸே கிடையாது. 100 ரூபாய் சரக்குக்கு 28 ரூபாய் வரி போட்டா விலை 128. 128-ல 28 எவ்வளவு? கிட்டத்தட்ட 22%. அவ்வளவுதான் கணக்கு.

2025 செப்டம்பர்ல ஜிஎஸ்டி கவுன்சில் கூடினப்போ, சரி, இனியாவது பீடியையும் ஏத்துவாங்கன்னு பொது சுகாதாரத் துறையில வேலை செய்யறவங்க எதிர்பார்த்தாங்க. நடந்தது தலைகீழ். 2026 பிப்ரவரி 1 முதல் சிகரெட்டுக்கு 40% ஜிஎஸ்டி. அதோட நீளத்தைப் பொறுத்து 1000 குச்சிக்கு 2,050 ரூபாயிலிருந்து 8,500 ரூபாய் வரைக்கும் கலால் வரி. அதாவது ஒரு குச்சிக்கு 2 ரூபாய் 5 காசிலிருந்து எட்டரை ரூபாய் வரைக்கும். மெல்லும் புகையிலைக்கும் குட்காவுக்கும், பாக்கெட் போடுற மெஷின் எவ்வளவு வேகமா ஓடும்னு பார்த்து வரி. நல்ல ஏற்பாடு, வரவேற்கலாம்.

பீடிக்கு? 28% இருந்ததை 18% ஆக்கிட்டாங்க. பீடி இலைக்கு 18% இருந்ததை 5% ஆக்கிட்டாங்க.

மறுபடியும் அதே கணக்கைப் போடுங்க. 118-ல 18 எவ்வளவு? சுமார் 15%. உலகம் 75% கேட்குது, நாம 22-லிருந்து 15-க்கு இறங்கியிருக்கோம். 20 ரூபாய்க்கு விக்கிற ஒரு கட்டு பீடி, வரிக் குறைப்பை முழுசா கொடுத்தா 18 ரூபாய் 40 காசு சொச்சத்துக்கு வரும். சிகரெட் விலை ஏறின அதே நாள்ல பீடிக்குக் கிட்டத்தட்ட 8% தள்ளுபடி. சிகரெட் மதகை மூடிட்டு பீடி மதகை இன்னும் கொஞ்சம் திறந்து விட்டிருக்காங்க.

யார் பீடி பிடிக்கிறாங்க? சித்தாள் வேலைக்குப் போறவர், லோடுமேன், வயக்காட்டுல வேலை பார்க்கிறவர். "ஏழை மேல சுமை ஏத்தலை"ன்னு இதுக்குப் பேர் வைக்கிறாங்க. ஆனா பீடிப் புகை ஏழை நுரையீரல்ல போனா மெதுவாவா வேலை செய்யும்? இந்தியாவுல புகையிலையால வருஷத்துக்கு சுமார் 13.5 லட்சம் பேர் சாகுறாங்க. 2017-18 கணக்குப்படி 35 வயசுக்கு மேற்பட்டவங்ககிட்ட மட்டும் புகையிலை நோய்களால நாட்டுக்கு ஏற்பட்ட பொருளாதார இழப்பு 1,77,341 கோடி ரூபாய். பீடியை மட்டும் தனியா எடுத்து 2017-க்குப் போட்ட இன்னொரு கணக்கு 80,550 கோடி ரூபாய் சொல்லுது. மருத்துவச் செலவு, வேலைக்குப் போக முடியாத நாட்கள், சீக்கிரமே போன உயிர்கள் எல்லாம் சேர்த்து. இந்தப் பணத்துல பெரும் பங்கு அரசாங்கக் கஜானாவுல இருந்து போகலை. அந்த சித்தாளோட வீட்டு நகையில இருந்து, பையன் படிப்புக் காசுல இருந்து போகுது.

மதகு மாறுற கதை பீடியோட முடியலை. சிகரெட்டுக்குள்ளேயே இருக்கு. நம்ம நாட்டுல சிகரெட் வரி நீளத்தைப் பொறுத்தது. 65 மில்லிமீட்டருக்குள்ள இருந்தா குறைஞ்ச வரி. என்ன பண்ணினாங்க? 64 மில்லிமீட்டர்ல சிகரெட் கொண்டு வந்தாங்க. ஒரு மில்லிமீட்டர்ல வரியைத் தாண்டிட்டாங்க. 2014 பட்ஜெட்ல அந்தக் குட்டை சிகரெட்டுக்கு உற்பத்தி வரியை 72% ஏத்தித்தான் ஓட்டையை அடைக்க வேண்டி வந்துச்சு. அடுக்கு அடுக்கா வரி இருக்கிற வரைக்கும் ஒரு அடுக்குல இருந்து அடுத்ததுக்கு இறங்க ஆள் இருப்பாங்க.

மூணாவது மதகு, சில்லறை. ஒத்தைக் குச்சி. வரி ஏறினா பாக்கெட் விலை எகிறும். ஆனா நம்ம ஊர் பெட்டிக்கடையில எத்தனை பேர் பாக்கெட் வாங்குறாங்க? லைட்டர் கயித்துல தொங்குது, ஒண்ணு வாங்கி அங்கேயே பத்த வைக்கிறாங்க. பாக்கெட்டுக்கு முப்பது நாப்பது ரூபாய் ஏறினாலும் குச்சிக்கு மூணு நாலு ரூபாய்தான் தெரியும். 2016 ஏப்ரல்ல இருந்து பாக்கெட்டோட 85% இடத்துல எச்சரிக்கைப் படம் போடணும்னு சட்டம். ஒத்தைக் குச்சி வாங்குறவன் அந்தப் படத்தைப் பார்க்கவே மாட்டான். மகாராஷ்டிரா 2020 செப்டம்பர்ல சில்லறை விற்பனையைத் தடை செஞ்சது. மாநில அரசு நினைச்சா செய்ய முடியும்ங்கிறதுக்கு அது உதாரணம்.

இதையெல்லாம் ஒழுங்கா செஞ்ச நாடு ஏதாவது இருக்கான்னு கேட்டா, பிலிப்பைன்ஸைப் பாருங்க. நம்மை மாதிரியே ஏழைகள் அதிகம் உள்ள நாடு. அங்கேயும் சிகரெட் வரி நாலு அடுக்கா இருந்துச்சு. 2012-ல மலிவு சிகரெட் பாக்கெட்டுக்கு வரி 2.72 பெசோ, உச்ச அடுக்குக்கு 28.30 பெசோ. ஒண்ணு விலை ஏறினா மக்கள் மலிவுக்கு இறங்கிடுவாங்க. 2012 டிசம்பர்ல அதிபர் பெனிக்னோ அக்கினோ காலத்துல ஒரு சட்டம் வந்துச்சு. 2013-ல மலிவு அடுக்கு ஒரே தாவா 12 பெசோ. 2017-ல எல்லா சிகரெட்டுக்கும் ஒரே வரி, 30 பெசோ. கவனிங்க, உச்சத்துல இருந்தது 28-லிருந்து 30. அடியில இருந்தது 2.72-லிருந்து 30. பதினோரு மடங்கு. அவங்க மூடினது மலிவு மதகை.

என்ன ஆச்சு? 2009-ல 29.7% பேர் புகையிலை பயன்படுத்தினாங்க. 2015-ல 23.8%. பிற கட்டுப்பாடுகளும் இருந்துச்சு, வரி மட்டுமே காரணம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா மலிவு சிகரெட்டோட காலம் முடிஞ்சதுங்கிறதுதான் பெரிய மாற்றம். இன்னும் முக்கியமானது, கூடுதலா வந்த பணத்தோட பெரும் பகுதியை மக்களோட மருத்துவக் காப்பீட்டுக்கும் மருத்துவமனைகளுக்கும்னு சட்டத்துலயே எழுதி வச்சாங்க. புகையிலை விளையுற மாகாணங்களுக்கு 15% தனியா ஒதுக்கினாங்க. ஏழைகிட்ட இருந்து எடுத்த வரி ஏழைக்கே திரும்பிப் போச்சு.

சரி, இப்போ எதிர்க் கேள்விகள். நாளைக்கு நீங்க பதிவு போட்டா வரப்போற கேள்விகள்தான்.

ஒண்ணு. "பீடிக்கு வரி போட்டா பீடி சுத்துற பெண்கள் என்ன ஆவாங்க?"

இது நியாயமான கேள்வி, கிண்டல் பண்ணிட்டுப் போக முடியாது. நாடு முழுக்க பதிவு செஞ்ச பீடித் தொழிலாளர்கள் சுமார் 50 லட்சம் பேர், பெரும்பாலும் பெண்கள். நம்ம திருநெல்வேலி, தென்காசி, வேலூர் பக்கம் எத்தனையோ வீடு இதுல ஓடுது. மடியில முறத்தை வச்சுக்கிட்டு, குனிஞ்ச முதுகு நிமிராம, புகையிலைத் தூளை நாள் பூரா சுவாசிச்சுக்கிட்டு சுத்துற அக்கா, அம்மாக்கள்.

அவங்களுக்குக் கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவுன்னு. ஜிஎஸ்டி 28-லிருந்து 18 ஆனதால அந்தக் கூலி தானா ஒரு ரூபாய் ஏறுமா? ஏற எந்த வழியும் இல்லை. 1976-லிருந்து பீடித் தொழிலாளர் நலனுக்குன்னே ஒரு செஸ் இருந்துச்சு. மருத்துவமனை, பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை, வீட்டு உதவி எல்லாம் அதுல வந்தது. 2017-ல ஜிஎஸ்டி வந்தப்போ அதையும் எடுத்துட்டாங்க. ஆக, தொழிலாளிக்காகப் போட்ட வரியை எடுத்துட்டு, முதலாளிக்கு லாபம் தர்ற வரிக் குறைப்பைத் தொழிலாளி பேரைச் சொல்லிக் கொடுக்கிறாங்க.

மாற்று வழி இல்லையா? பக்கத்துல கண்ணூரைப் பாருங்க. 1969-ல தொடங்கின கேரள தினேஷ் பீடி கூட்டுறவு சங்கம், பீடிக்கு எதிர்காலம் இல்லைன்னு தெரிஞ்சதும் குடை, துணி, தேங்காய்ப்பால், உணவுப் பொருள், மென்பொருள்னு மாறுச்சு. எல்லாரையும் காப்பாத்த முடியலை, ஆனா வழி இருக்குன்னு காட்டுச்சு. பீடி வரியை ஏத்தி, அந்தப் பணத்தை சுத்துற பெண்களோட மாற்று வேலைக்கும் ஓய்வூதியத்துக்கும் கட்டாயமா ஒதுக்குன்னு நாம கேட்கணும்.

ரெண்டு. "விடவே முடியாத ஏழை என்ன செய்வான்? அரிசிக் காசுல பீடி வாங்குவான்."

உண்மை. சில வீடுகள்ல அது நடக்கும். அதனாலதான் வரி மட்டும் போதாதுன்னு சொல்றோம். நிக்கோட்டின் அடிமைத்தனம் ஒரு நோய், ஒழுக்கக் கேடு இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துல ஆலோசனையும் மருந்தும் இலவசமா கிடைக்கணும். வரியை ஏத்திட்டு சிகிச்சையைக் கொடுக்காத அரசாங்கம், கமெண்ட்ல சொன்ன மாதிரி கல்லா கட்டுற அரசாங்கம்தான்.

மூணு. "வரி ஏறினா கடத்தல் சிகரெட் பெருகும்."

கடத்தலைப் பெருக்குறது கண்காணிப்பு இல்லாத சந்தை. கென்யா 2013-ல ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் மின்னணு முத்திரை கொண்டு வந்துச்சு, ஃபோன்லயே சரிபார்க்கலாம். யூபிஐ-யை உலகத்துக்கே காட்டின நாட்டுக்கு இது பெரிய விஷயமா?

நாலு. "சிகரெட் விலை ஏறினா பசங்க கஞ்சாவுக்குப் போயிடுவாங்க."

பெற்றோர்கள் நிஜமாவே பயப்படுற கேள்வி இது. பொருளாதாரத்துல ரெண்டு வகை உறவு சொல்வாங்க. டீயும் காபியும் மாதிரி ஒண்ணுக்குப் பதில் இன்னொண்ணு. இட்லியும் சட்னியும் மாதிரி ஒண்ணோட ஒண்ணு. சிகரெட்டும் பீடியும் முதல் வகை. சிகரெட்டும் கஞ்சாவும் எந்த வகை? 1999-ல ஃபிராங்க் சலூப்கா, ரோசலி பகுலா உள்ளிட்ட அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் பள்ளி மாணவர்களோட தரவை வச்சு இதே கேள்வியை ஆராய்ஞ்சாங்க. சிகரெட் விலை ஏறினதால கஞ்சா கூடலை, குறையத்தான் வாய்ப்புன்னு அவங்க முடிவு சொல்லுச்சு. யோசிச்சா புரியும். கஞ்சாவைப் புகையிலையோட கலந்து சுருட்டுறவங்க எத்தனை பேர்? புகையை உள்ள இழுக்கப் பழகுறதே சிகரெட்டுலதானே? அந்த முதல் வாசலை மூடினா உள்ள போற கூட்டம் குறையும்.

கடைசியா, நாம என்ன கேட்கப் போறோம்?

பீடி, சிகரெட், மெல்லும் புகையிலை எல்லாத்துக்கும் ஒரே அளவு கடுமையான வரி. நீள அடுக்குகள் ஒழியணும். வருஷா வருஷம் கூலியையும் விலைவாசியையும் தாண்டி வரி ஏறணும். சில்லறைக் குச்சி விற்பனைக்குத் தடை. கூடுதலா வர்ற பணம் பீடித் தொழிலாளர் மறுவாழ்வுக்கும் பழக்கத்தை விடுற சிகிச்சைக்கும் சட்டப்படி ஒதுக்கணும். ஜிஎஸ்டி கவுன்சில்ல மாநிலங்களுக்கும் ஓட்டு இருக்கு. அந்த மேசையில நம்ம குரல் பீடிக் கம்பெனிக்காக ஒலிக்கக் கூடாது, பீடி சுத்துற அக்காவுக்காகவும் பீடி பிடிக்கிற அண்ணனுக்காகவும் ஒலிக்கணும்.

அணி நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதைப் பத்திப் பதிவு போடும்போது புகைக்கிறவங்களைக் கேவலப்படுத்தி மீம் போடாதீங்க. அவங்கதான் பாதிக்கப்பட்டவங்க. கமெண்ட்ல யாராவது "விட முடியலை ப்ரோ"ன்னு எழுதினா, வாக்குவாதம் பண்ணாம 1800-112-356 எண்ணைக் கொடுங்க. தேசிய புகையிலை நிறுத்த உதவி எண், கட்டணம் கிடையாது. நம்ம ஐடி விங்கால ஒரு தேர்தல் ஜெயிக்கலாம், தோற்கலாம். ஒருத்தர் பீடியை விட்டா அந்த வீடு ஜெயிச்சிடும்.



#பீடிக்கும்_அதே_வரி
#வரிப்பணம்_தொழிலாளிக்கே